இடம்பிரி

என் பட்டறையில் நான் ஒருவன்தான். முதலாளி, மேஸ்திரி, கூலிக்காரன், அடுப்பு மூட்டிக் கட்டன் சாயா போடுகிறவன் எல்லாம் நானே. சண்டை வந்தால்கூட எனக்குள்தான் வர வேண்டும், வருவதும் உண்டு. பாறசாலையில் ரோட்டோரம் நாலு தூண், மேலே ஓலை, கீழே ஒரு குழி. குழிக்குள் இறங்கி லாரிகளின் அடிவயிற்றோடு பேசிப் பழகிவிட்டதால், மேலே ஏறி மனுஷர் முகத்தைப் பார்த்துப் பேசும்போது நாக்கு குழறும். கல்யாணம் ஆகாததற்கு இதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன். வேறு காரணங்களும் உண்டு. அவை கண்ணாடியில் தெரியும்.

ஆனாலும் ஆட்கள் வந்துபோக ஒரு தந்திரம் வைத்திருந்தேன். சக்கரத்தையோ ஸ்பிரிங்கையோ தொட்ட எந்த வண்டியை அனுப்பும்போதும், "அம்பது மைலு ஓடிட்டு இங்க வரணும். நட்டெல்லாம் ஒருக்க கூட இறுக்கணுமாக்கும்" என்பேன். இது பொய்யில்லை. புதிதாகப் பூட்டிய நட்டு, ஓட்டத்தில் படிந்து கொஞ்சம் இளகும். மறுபடி இறுக்காவிட்டால் ஒரு நாள் சக்கரம் வண்டிக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். அந்த வேலையை டிரைவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. இறுக்க ஐந்து நிமிஷம், சாயாவும் பேச்சுமாக ஒரு மணி நேரம். அதற்காகவே பட்டறையில் இரண்டு கிளாஸ்.

மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்த ஆண்டு அது. தமிழ் பேசும் தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம். முக்குக்கு முக்கு போலீஸ். நீ எந்தப் பக்கம் என்று என்னையும் கேட்டார்கள். நான் பேசுவது தமிழ். தொழில் படித்ததோ நெய்யாற்றின்கரையில் ஒரு மலையாளி ஆசானிடம். ஸ்பானரைத் தொட்டால் வாயில் மலையாளம்தான் வரும். எழுதத் தெரிந்தது தமிழ் எழுத்து மட்டும். தமிழர்களுக்கு நான் மலையாளத்தான், மலையாளிகளுக்கு நான் பாண்டி. இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம், இந்தத் தாணுவைக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டாம் என்பதுதான்.

என்னைத் தேடி வந்துகொண்டிருந்தவன் ஞானையன். கொல்லயில்காரன், சொந்த லாரி, தானே டிரைவர். பொழியூர்க் கடற்கரையிலிருந்து நெய்யாற்றின்கரைச் சந்தைக்குக் கருவாடு ஏற்றுவான். அவன் வந்துபோய் இரண்டு நாளுக்குப் பட்டறையில் கருவாட்டு வாடை நிற்கும். எனக்கு அது பிடிக்கும்; யாரோ உள்ளே இருப்பதுபோல.

அன்று நாலு பெரிய சக்கரங்களோடு வந்து இறங்கினான். பட்டாளத்து லாரி ஒன்றை உடைத்து விற்ற இடத்தில், ஹப்போடு சேர்த்து வாங்கியது.

"பொழியூரு மணல்ல வண்டி குந்திருது அண்ணா. இதப் பூட்டணும். ஸ்பிரிங்குல ரெண்டு பட்டையும் கூட்டித் தாரும்."

பட்டை கூட்டினேன், பட்டைகளைக் கவ்விப் பிடிக்கும் யூ போல்ட்டையும் அதற்கேற்ற நீளத்தில் போட்டேன். சக்கரத்தை மாட்டி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்தால், டயர் ஸ்பிரிங்கில் கர்ரென்று உரசியது. ஞானையன் குனிந்து, சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கையைக் காட்டினான்.

"அந்தக் கைய தீயில வச்சு கொஞ்சம் வளைச்சா போதுமே."

"ஒன் கைய வச்சு வளைக்கட்டா? தீயில வச்ச இரும்பு ஒரு நாளு சொல்லாம கொள்ளாம ஒடியும். அப்போ வண்டி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்."

டயர் உரசுகிற அளவுக்கு ஸ்டியரிங் ஒடியாதபடி, தடுப்பு போல்ட்டை வெளியே கூட்டி வைத்தேன்.

"இப்போ முக்குல ஒரே ஒடியில திரும்பாதே?"

"ரெண்டு ஒடியில திரும்பு. பெண்ணு பாக்கவா போற, இவ்வளவு அவசரம்?"

"நீரு ஒருக்க போயிருந்தா தெரியும், அவசரம் உண்டா இல்லியாண்ணு."

நான் ஒரு நட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த சங்கதி அந்த நட்டில்தான் இருந்தது. அந்தப் பட்டாளத்துச் சக்கரங்களில், வலப்பக்கத்து நட்டு எல்லா நட்டையும்போல வலமாகச் சுற்றினால் இறுகும். இடப்பக்கத்து நட்டு தலைகீழ். இடமாகச் சுற்றினால்தான் இறுகும். வலமாகச் சுற்றினால் கழன்று கையோடு வரும். ஞானையனின் பழைய சக்கரங்களில் இந்தக் கூத்து கிடையாது.

"எனக்கு மறந்து போவும் அண்ணா. அதுலயே எழுதி வச்சிரும்."

நட்டுக்குள் ஓடும் திருகு வரிக்கு என் ஆசான் சொல்லித்தந்த மலையாளச் சொல் 'பிரி'. இடமாகத் திருகும் வரி 'இடம்பிரி'. வெள்ளைப் பெயிண்டில், இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டிலும், எனக்குத் தெரிந்த தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதினேன். நடுவே ஒரு நட்டு குறுக்கிட்டதால் கொஞ்சம் தள்ளி எழுத வேண்டி வந்தது: இடம் பிரி.

"அம்பது மைலு" என்றேன்.

"வாறேன். சாயா போட்டு வையும்."

பொழியூரிலிருந்து சந்தைக்குப் போய்த் திரும்பினால் இருபத்தைந்து மைல். இரண்டு நாளில் கணக்கு முடியும். மூன்றாம் நாள் காலையில் இரண்டு கிளாஸையும் சாம்பல் போட்டுத் தேய்த்து வைத்தேன். உச்சிவேளைக்கு ஒரு சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் கான்ஸ்டபிள் சோமன். வடக்கே தூரத்து ஊர்க்காரர். காவலுக்கென்று வந்து மூன்று மாதமாக வீட்டுக்குப் போகாத முகம்.

"சக்ரத்தில் எழுதியது தானாணோ?"

"ஆமா ஏமானே."

எழுத்தைப் பற்றி என்னிடம் ஒருவர் விசாரிப்பது முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். காலையில் சாலைக் காவலில் ஞானையனின் லாரியை நிறுத்தியிருக்கிறார்கள். சக்கரத்தில் தமிழ் எழுத்து. காவலில் இருந்த யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. அந்த வழியாகப் போன தமிழ் வாத்தியார் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்க, அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'இடத்தைப் பிரித்துவிடு என்று எழுதியிருக்கிறது' என்று பொருள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உடனே தார் பூசி அழித்துவிட்டார்கள்.

"ஏமானே, எழுத்துதான் தமிழு. வார்த்தை மலையாளமாக்கும். சத்தமா சொல்லிப் பாரும்."

"இடம்... பிரி." சோமன் இன்னொரு முறை வேகமாகச் சொன்னார். "இடம்பிரி! என்டம்மே, நட்டின்டெ இடம்பிரி!" தொப்பி கீழே விழுகிற அளவு சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்காக இரண்டாவது கிளாஸை எடுத்தவன், பாதியில் நின்றேன்.

"வண்டி இப்போ எங்க ஏமானே?"

"பொழியூர்க்கு மடங்ஙிப் போயி. ரெண்டு திவசம் இந்த ரோட்டில் காணருதுன்னு பறஞ்ஞு விட்டு." இரண்டு நாளைக்கு இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாதாம். பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, "நட்டு அயாள் தன்னே முறுக்கிக்கோளாம்னு பறஞ்ஞல்லோ" என்றார்.

நட்டை அவன் தானே முறுக்கப் போகிறானாம். நான் எழுதியது இப்போது சக்கரத்தில் இல்லை. ஞானையனுக்கு மறந்து போகும். பத்து வருஷமாக வலமாகச் சுற்றிய கை, இடப்பக்கத்திலும் வலமாகத்தான் சுற்றும். ஒவ்வொரு நட்டையும் தன் கையாலேயே இளக்கிவிட்டு, லோடு ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இறங்குவான். பொய் சொல்லாமல், உண்மையில் பாதியை மட்டும் சொல்லி என் சாயாவுக்கு ஆள் பிடித்தவன் நான். முழுசாகச் சொல்லி, கையைப் பிடித்துப் பழக்கியிருந்தால் அவனுக்கு மறந்திருக்காது.

இதைச் சோமனிடம் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. சைக்கிளைத் திருப்பினார். ஆனால் அவருக்குக் கால்முட்டு வீங்கியிருந்தது. ஏழு மைல் மிதிக்க முடியாது. எனவே நான் மிதித்தேன், அவர் பின்னால் உட்கார்ந்தார்.

போலீஸைப் பின்னால் வைத்து மிதித்துப் போகிற கைதியை ஊர் அதுவரை பார்த்ததில்லை. "தாணுவப் பிடிச்சிட்டுப் போறானுவ!" என்று யாரோ கத்தினார்கள். சாயாக்கடைக்குள் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். "தாணு அண்ணன் வாழ்க!" என்றது ஒரு குரல், பத்து குரல்கள் திருப்பிச் சொல்லின. மரச்சீனிக் கிழங்கு விற்கும் விஜயம்மா, சாப்பிட்டீரா என்று ஒரு நாளும் கேட்காதவள், கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"பயப்படாதேயும் அண்ணா! டேசனுக்குச் சோறு நான் கொண்டு வாறேன்!"

எனக்கு இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் மெதுவாக மிதிக்க ஆசையாக இருந்தது. ஆனால் இடப்பக்கத்து நட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்முன் சுற்றின. எழுந்து நின்று மிதித்தேன்.

பொழியூரில் தென்னந்தோப்பு முடிகிற மேட்டில் லாரி நின்றது. வேறு ரோடு வழியே சந்தைக்குப் போகக் கருவாட்டு லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஞானையன் ஸ்டியரிங்கில். எனக்கு மூச்சு வரவில்லை, குரலும் வரவில்லை. சோமன் விசிலை எடுத்து ஊதினார். நான் சைக்கிளோடு லாரிக்கு முன்னால் போய் விழுந்தேன். நிறுத்தினேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் விழுந்ததுதான் நடந்தது.

ஞானையன் இஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்தான்.

"எதுக்கு ஓய் சாவக் கிடக்கீரு? உம்ம வேலையத்தான் நானே செய்து முடிச்சாச்சே. வலப்பக்கம் கல்லு போல இருந்துது. இடப்பக்கம் ஒவ்வொண்ணும் அரைச் சுத்து வந்துது. பெண்ணு நெனப்புல பூட்டினீரா?"

நான் இடது முன் சக்கரத்துக்குத் தவழ்ந்து போனேன். ஒரு நட்டை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினேன். சுற்றியது. அதை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

ஞானையன் கையைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான், மேட்டுக்குக் கீழே இறங்கும் ரோட்டைப் பார்த்தான்.

"தாரு பூசிட்டானுவ அண்ணா" என்றான் மெதுவாக. "எனக்கு மறந்து போச்சு."

ஜாக்கி வைத்துத் தூக்கினோம். எதிரெதிராக ஒவ்வொரு நட்டாக, இடமாக இறுக்கினேன். கடைசி இழுப்புக்கு ஸ்பானரில் ஒரு பைப்பைச் செருகினேன், சோமனும் வந்து பிடித்தார். மூன்று பேரும் சேர்ந்து இழுத்தபோது, இது இப்படியே கொஞ்ச நேரம் நீளட்டும் என்று தோன்றியது. நட்டு இறுகிவிட்டது.

கடற்கரையில் வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய வெள்ளை கிடைத்தது. தாரின்மேல் பிரஷை வைத்தவன், எந்த மொழியில் எழுத என்று யோசித்து, எழுதவில்லை. ஒரு வளைந்த அம்பு போட்டேன். அதைப் போடும்போதுதான் பார்த்தேன், இடப்பக்கமும் வலப்பக்கமும் விதி ஒன்றுதான். வண்டி முன்னால் போகும்போது சக்கரம் எப்படி உருளுமோ, அந்தப் பக்கம் சுற்றினால் இறுகும். இருபது வருஷத் தொழிலில் எனக்கு இது இப்போதுதான் உறைக்கிறது. என் ஆசான் உயிரோடு இல்லாதது அவருக்கு நல்லது.

சோமன் அதிலும் அரசியல் இருக்குமோ என்று அம்பைச் சந்தேகமாகப் பார்த்தார். "இது எங்கோட்டா காணிக்குந்நது? தெக்கோட்டாணோ?"

"சக்கரம் எப்பிடி நிக்குதோ அப்பிடி, ஏமானே."

அவர் யோசித்துவிட்டு, சரி என்றார்.

ஞானையனுக்கு முகம் தெளிந்திருந்தது. "இப்போ எவனும் இறுக்கலாம். இனி அம்பது மைலுக்கு உம்மகிட்ட வரண்டாம், இல்லியா?"

'வரணும்' என்ற சொல் வாயில் தயாராக இருந்தது. ரோடெல்லாம் போலீஸ். இவன் என் கிளாஸுக்காக அந்த வழியே வந்து அகப்பட வேண்டுமா?

"வரண்டாம் மக்கா. இன்னொரு அம்பது மைலு ஓடிட்டு நீயே இறுக்கு, அம்பு பாத்து. எப்பவுமே நீயே இறுக்கியிருக்கலாமாக்கும்."

"அப்போ இத்தன நாளும் என்னைய எதுக்கு வரச் சொன்னீரு?"

"சாயாவுக்கு."

நல்ல தமாஷ் என்று ஞானையன் வாய்விட்டுச் சிரித்தான். வண்டி இறக்கத்தில் இறங்கியது. சக்கரம் நேராக உருண்டது. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலமே நான் திரும்பி வந்ததில் ஊருக்கு ஏமாற்றம். விஜயம்மா கொண்டுபோன சோற்றை ஸ்டேஷனிலிருந்து திருப்பி எடுத்து வந்து, என்னைக் கோபமாகப் பார்த்துவிட்டுப் போனாள். ஞானையன் அதற்குப் பிறகு வரவில்லை. ரோடு திறந்த பிறகும் வரவில்லை. வர அவசியம் இல்லாதபடி வேலையைச் சரியாகச் செய்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்துச் சோமன் வந்தார். மாற்றல் கிடைத்துவிட்டது, நாளை ஊருக்குப் போகிறேன் என்று சொல்ல வந்தாராம். சாயா கொடுத்தேன். ஞானையனின் லாரியைப் பார்த்தீரா என்று கேட்டேன். பார்த்தாராம். நன்றாக ஓடுகிறதாம்.

"அம்பு இருக்கா?"

"உண்டு."

"எந்தப் பக்கம் பாத்து?"

"ஓடுந்ந வண்டியில் எங்ஙனெ அறியும் தாணு?"

அவர் குடிக்கும்போது சைக்கிளைத் தூக்கிப் பார்த்தேன். பின் சக்கர நட்டு இளகியிருந்தது. இறுக்கிக் கொடுத்தேன். கொடுக்கும்போது வாய் தன் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"அம்பது மைலு ஓடிட்டு இங்க வரணும் ஏமானே. ஒருக்க கூட இறுக்கணுமாக்கும்."

சோமன் கிளாஸை நீட்டியபடி கணக்குப் போட்டார். "அம்பது மைலு போனால் ஞான் கொல்லம் பட்டணத்தினடுத்தெத்தும் தாணு."

"அப்போ அங்க வச்சு நீரே இறுக்கிக்கிடும்" என்று சொல்லி, கிளாஸை வாங்கிக் கழுவப் போனேன்.