இரண்டு இருமினால் வண்டி எடு

ஒரு நகரத்தையே நகர்த்தும் வல்லமை மனிதக் குரலுக்கு உண்டு. எங்கள் பேருந்து நிலையத்தில் அந்த வேலையை இருமல்தான் பார்த்துவந்தது.

ஒலிபெருக்கி அத்தனை பழசு. அறிவிப்பாளர் எந்த ஊரைச் சொன்னாலும் தகர டப்பாவில் கூழாங்கல்லை உருட்டியது போலத்தான் வெளியே வரும். அவருடைய தீராத நுரையீரல் நோயின் இருமல் மட்டும் கணீரென்று கேட்கும். அறிவித்து முடித்ததும் இரண்டு முறை இருமுவார். முதலில் நிற்கும் வண்டி கிளம்பிவிடும். பத்து வருடமாக இதுதான் கால அட்டவணை.

திடீரென்று நோய் முற்றி மூன்று வாரம் படுத்துவிட்டார். மேலாளரே மைக்கைப் பிடித்துத் திருத்தமாக அறிவித்தார். ஒரு வண்டியும் நேரத்துக்குக் கிளம்பவில்லை. ஓட்டுநர்களுக்கு ஒழுக்கம் போதாது என்று தலைமை அலுவலகத்துக்கு ஏழு பக்க அறிக்கை எழுதி, திங்கள் முதல் எல்லாம் நேரத்துக்குப் போகும் என்று உறுதியும் கொடுத்திருந்தார்.

திங்களன்று அறிவிப்பாளர் வேலைக்குத் திரும்பினார். சட்டைப்பையில் இன்ஹேலர். புது மருந்தில் இருமல் அடங்கியிருந்தது. எட்டரை மணி வண்டியை மூன்று தடவை அறிவித்தும் அது அசையவில்லை.

மேலாளர் பாய்ந்து வந்தார். "என்னய்யா, உடம்பு தேறிடுச்சா இல்லையா?"

"தேறிடுச்சு சார்."

"அப்புறம் ஏன் வண்டி நிக்குது? ஒன்பது மணிக்கும் இப்படியே நின்னா உன்னைப் பணிமனைக்கு மாத்திடுவேன்."

பணிமனையில் நாள் முழுக்க டீசல் புகை. அந்த நுரையீரல் ஒரு வாரம் தாங்காது.

ஜன்னலுக்கு வெளியே 'மீசை' என்று எல்லோரும் கூப்பிடும் ஓட்டுநர் வந்து நின்றார். "அண்ணே, பேசிட்டே இருந்தா எப்படி? இருமுங்க, கிளம்பணும்."

"இருமலா?" என்றார் மேலாளர்.

"ரெண்டு இருமினாதானே சார் வண்டி எடுக்கணும்? நீங்களும் மூணு வாரமா என்னமோ கரகரன்னீங்க, ஒரு தடவைகூட இருமலையே!"

மேலாளர் அறிவிப்பாளரைப் பார்த்தார். "அப்ப இருமுய்யா."

"வரலை சார். வலிய இருமக்கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. இருமினேன்னு தெரிஞ்சா வீட்டுல கதவையே திறக்கமாட்டா."

மணி ஒன்பது.

"தள்ளு. நிர்வாகம்னா என்னன்னு பாரு." மேலாளர் மைக்கை ஜன்னலோரம் இழுத்து, மீசையை வண்டிக்கு விரட்டி, நெஞ்சை நிமிர்த்தி ஒருமுறை இருமினார். நிலையமே நிமிர்ந்தது. இரண்டாவதை முழு அதிகாரத்துடன் இருமினார். வண்டி கிளம்பியது.

அன்று மதியமே உத்தரவு ஒட்டப்பட்டது: அறிவிப்பு – அறிவிப்பாளர்; இருமல் – மேலாளர். பணிமனையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

உத்தரவை மேலாளர் வாசித்துக் காட்டவில்லை. இரண்டாவது இருமலில் அவருடைய மேல்வரிசைப் பல் செட் ஜன்னல் வழியே போய், கிளம்பிய அதே வண்டியின் பின்சக்கரத்தில் நசுங்கியிருந்தது.