சக்கரத்தில் சிக்கிய கதவு

வாரிங்டேல் ஊர்ப் பூங்காவில் இருந்த பழைய மாவு ஆலையில், மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், சொட்டுத் தண்ணீர் இல்லாத ஓடையில் நின்ற நீர்ச்சக்கரம் நனைந்துகொண்டே சுற்றத் தொடங்கியது. தன்னார்வலர்கள் எட்டுப் பேர் ஐந்து வருடமாகப் புறா எச்சம் சுரண்டி, இற்றுப்போன பலகைகளை மாற்றி, அதை நிமிர்த்தியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியான கிளெனிஸ் டாப்செல், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், கையை நீட்டிப் பார்த்தாள். குளிர்ந்த சேற்று நீர். பலகையை விட்டு விழுந்ததும் அது காணாமல் போனது. நகராட்சியிலிருந்து வந்தவர் குழாய்க் கசிவு என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் பலகைகளில் பொருள்கள் சிக்க ஆரம்பித்தன: எலுமிச்சைக் கிளை, செத்த கோழி, ஒரு செய்தித்தாள். கிளெனிஸ் அதை அடுப்பருகே உலர்த்தினாள். எழுத்தெல்லாம் கரைந்துபோய் தேதி மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த வருடத்து ஜூன் ஒன்பது. அதற்கு இன்னும் பத்து வாரம் இருந்தது. நகராட்சிக்கு எழுதினாள். அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது.

ஏப்ரலில் ஒரு தகரக் கதவு வந்தது. பதினான்காம் எண், பூட்டுக்குக் கீழே ஒரு நசுங்கல். அது, அதே ஓடைக்கரையில் வண்டி வீடுகள் நிற்கும் கேரவன் பூங்காவில் குடியிருந்த அவள் தம்பி மெர்வின் கதவு. அதைக் காரில் போட்டுக்கொண்டு போனாள். அங்கே மெர்வின் கேரவனில் அதே கதவு, அதே நசுங்கலோடு, மாட்டியபடி இருந்தது.

"என்ன கிளெனிஸ், என் கதவு குட்டி போட்டுடுச்சா?"

"வெள்ளம் வரப்போகுது மெர்வ். என் வீட்டுக்கு வந்துடு."

"ஓடைல தவளை குளிக்கத் தண்ணி இல்ல, வெள்ளமாம்! பஸ்ஸு ஓட்டி ஓட்டி மண்டை குலுங்கிப்போச்சு உனக்கு."

"இன்னிக்கு உன் கதவு வந்திருக்குடா. நாளைக்கு நீயே வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

மெர்வ் சிரித்துக்கொண்டே தேநீர் போடப் போனான்.

அதன்பின் தினமும் காலையில் சக்கரத்தடிக்குப் போவது கிளெனிஸுக்குத் தண்டனையாயிற்று. ஒவ்வொரு பலகையும் மேலே ஏறி வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு மனசு கேட்காமல் திறப்பாள். மே கடைசியில் ஒரு இடதுகால் பூட்ஸ் வந்தது, நாடாவில் மெர்வ் போடும் இரட்டை முடிச்சோடு. அதைக் கொண்டுபோய் அவன் படியில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். போட்டிருந்த பூட்ஸ் இரண்டையும் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு அவள் காரில் ஏறினான். யார் பேச்சையும் கேட்காத மெர்வே போகிறான் என்றதும் மற்ற பதினோரு குடும்பங்களும் அந்த வாரமே மேட்டுக்குக் கிளம்பிவிட்டன.

ஜூன் ஒன்பதாம் தேதி மத்தியானம் வெள்ளம் வந்து கேரவன்களைத் தீப்பெட்டிகளைப்போல் அடித்துக்கொண்டுபோய்ப் பாலத்தில் மோதவிட்டது. ஓர் உயிரும் போகவில்லை. வெள்ளம் சக்கரத்தின் மேல் ஏறிப்போன மூன்று மணி நேரமும் அது அசையவில்லை. வடிந்தபின் தொட்டுப் பார்த்தால் மரம் காய்ந்திருந்தது.

மறு வருடம் சக்கரம் மீண்டும் நனைந்தது. இப்போதெல்லாம் அதில் சிக்குவதைத் தன்னார்வலர்கள் கழுவி, ஞாயிறுதோறும் ஒரு நீள மேசையில் பரப்பி வைக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார்கள். தங்களுடையது எதுவும் இல்லையென்றால் ஆலையில் அரைத்த ஒரு கிலோ மாவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.