மச்சான் வண்டியின் முன்பக்கம்

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். தேநீர் போட்டு நின்றபடியே குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். முற்றத்துக்குப் போய் மனைவியின் பழைய காரை ஸ்டார்ட் செய்தான். அவள் உயரத்துக்கு வைத்திருந்த சீட்டில், முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து எஞ்சினை அணைத்தான்.

ஆபரேஷனுக்குப் போன அவள் திரும்பாத நாளிலிருந்து இதுதான் வழக்கம். வண்டி வாசலைத் தாண்டியதில்லை. கேட்டவர்களுக்குப் பதில் தயாராக இருந்தது: "முன்சக்கரத்தத் தாங்குற ஆர்ம் தேஞ்சு போச்சு. இந்தப் பழைய மாடலுக்கு இப்ப யாரு செய்றாங்க?"

அந்தச் சாக்கில் இன்று மண் விழுந்தது. அவள் அண்ணன் தன் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து நிறுத்தினார். அண்ணனும் தங்கையும் போட்டி போட்டு வாங்கிய ஒரே வருஷத்து வண்டிகள். அவருடையதில் உடம்பெல்லாம் துரு, முன்பக்க சஸ்பென்ஷன் மட்டும் உறுதி. அவளுடையது நேர் எதிர்.

"என்னுதுக்கு இனி காயலாங்கடைதான் மாப்ள. முன்னங்காலை மட்டும் கழட்டி இதுக்கு வைப்போம். சாயங்காலம் நீ ஓட்டிக்கிட்டு வர்ற."

"எங்க மச்சான்?"

"எங்கம்மாவப் பாக்க. எத்தன நாளா கூப்பிடுறாங்க?"

மச்சான் பல் டாக்டர். "நமக்குத் தெரிஞ்ச வேலைதான். ஆடுறதப் பிடுங்கணும், ஆடாதத வைக்கணும். ஊசி செலவு மிச்சம்."

அவன் சிரிக்கவில்லை. கை மட்டும் ஓயவில்லை. ஒரு ஸ்பேனரை எடுத்தான், வைத்தான், இன்னொன்றை எடுத்தான். ஸ்பிரிங்கும் ஆர்மும் மாறி, சக்கரங்களும் ஏறியபின் மச்சான் கை கழுவப் போனார். அந்த நேரத்தில் எல்லா போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். ஜாக்கியை இறக்கினான். பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைத் தூக்கிச் சுவரோரம் எறிந்தான்.

மச்சான் வந்து பார்த்தபோது வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"என்னய்யா, புதுசா பட்டம் வாங்குன டாக்டர் மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்குது? சக்கரம் தொங்கறப்பவே முறுக்கிட்டியா?"

"சீக்கிரம் முடிச்சிரலாம்னு..."

"ஆர்ம் மூட்டுல இருக்கற ரப்பர் புஷ் நாலு நாள்ல கிழிஞ்சிரும். தரையில கனத்தோட நிக்க விட்டுத்தான் கடைசி முறுக்குன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீதானே!"

போல்ட்டுகளை மறுபடி தளர்த்தினார்கள். ரப்பர் தன் இடத்துக்கு வருவதற்காக இருவரும் பம்பரைப் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டார்கள். மூக்கு மெல்ல இறங்கியது. பிறகு மொத்த வண்டியும் பின்னால் நகர்ந்தது. முற்றம் வாசலை நோக்கிச் சரிவு. ஹேண்ட் பிரேக் என்றைக்குமே பேருக்குத்தான்.

"மாப்ள, கல்லு! கல்லு வைக்கலையா?"

ஓடிப்போய்க் கல்லைச் சக்கரத்தடியில் தள்ளினான். வண்டி அதன்மேல் ஏறப் பார்த்தது, தயங்கி நின்றது. வாசல் கேட்டுக்கு ஒரு முழம் பாக்கி. அவன் எழுந்திருக்கவில்லை. கல்லின்மேல் வைத்த கையையும் எடுக்கவில்லை.

"விடு. ஒண்ணும் ஆகல" என்றார் மச்சான்.

போல்ட்டுகளை அவரே முறுக்கி முடித்தார். அவன் கை கழுவிக்கொண்டு வந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தான். அடியிலிருந்த நெம்புகோலைப் பிடித்து இழுத்தான். சீட்டு கிறீச்சிட்டுப் பின்னால் போனது. முழங்கால் இடிக்கவில்லை.

"மச்சான், 'அவரைப் பாத்துக்குங்க'ன்னு அவ கடைசியா சொன்னதா அத்தை எல்லார்கிட்டயும் சொல்றாங்கல்ல?"

"ஆமா."

"அது நிஜமில்ல. அவ என்ன சொன்னான்னு அன்னிக்கு அத்தை கேட்டப்ப நான் வாயத் தொறக்கல. அவங்களா ஒண்ணு வச்சுக்கிட்டாங்க. இன்னிக்குப் போய்ச் சொல்லிரணும்."

அவன் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மச்சான் கல்லை எடுத்து வண்டிக்குள் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் ஏறினார்.

"அப்ப என்னதான் சொன்னா?"

ஆபரேஷன் அறைக் கதவு சாத்தப்போகும் நேரம், ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டிருந்தாள்:

"வண்டிய மேட்டுல நிறுத்தினியே, கல்லு வச்சியா?"