மூன்றாம் செவ்வாயின் கேள்வி

சைக்கிள் கடை மாயவனால் முடியாத காரியம் ஒன்றுதான், தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது என்று ஊரில் சிரிப்பார்கள். அவன் மனைவி ராஜாமணி மட்டும் அதைக் கேட்டுச் சிரித்ததில்லை.

அவள் தம்பி காளியப்பன், வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லி நாடே கிளம்பிய அந்த ஆகஸ்டில் ரயில் பாதையோரம் தந்திக் கம்பியை அறுத்துவிட்டு வத்தல்மலை ஏறியவன். கூட அறுத்தவனைப் போலீஸ் பிடித்துப்போனது. பத்தாம் நாள் அவனைப் பாயில் சுருட்டித்தான் கொண்டுவந்து போட்டார்கள். காளியப்பன் மலையில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எந்த மடிப்பில் என்பது ஊரில் ராஜாமணிக்குத்தான் தெரியும். விறகுக்குப் போவதுபோல வாரம் ஒருமுறை ராகி மாவும் உப்பும் மடியில் கட்டிக்கொண்டு ஏறி, மறுநாள் இறங்குவாள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லு புள்ள."

"வேண்டாங்க மாமா. உங்க வாயில பதில் நிக்காது. கேக்கறவன் பாதி கேக்கையிலயே மீதிய நீங்க சொல்லிருவீங்க."

மாயவனுக்கு அது சுட்டது. மளிகைப் பொட்டலம் கட்டி வரும் காகிதங்களைப் பிரித்துப் பிரித்துப் படித்து உலகத்தைச் சேர்த்தவன் அவன். சில இடங்களில் கிழிசல் இருக்கும். திப்பு சுல்தான் செத்தது சீரங்கப்பட்டணத்தில் என்று தெரியும். வருஷம் அடுத்த பொட்டலத்தோடு போய்விட்டது. இருந்தும் இத்தனை தெரிந்தவனுக்குத் தன் வீட்டுச் சேதி தெரியவில்லையே!

கார்த்திகை பிறந்ததும் செவ்வாய்ச் சந்தைக்கு ஒரு கேள்விக்காரர் வந்தார். புளியமரத்தடியில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் திறந்து வைத்து, நல்ல குரலில் கூப்பிட்டார்.

"தெரிஞ்சா பரிசு, தெரியாட்டி சிரிப்பு! வாங்க, வாங்க! நடுராத்திரியில சூரியன் காயற தேசம் எது?"

"உங்க மாமியா வூடு!" என்றாள் அவரைக்காய் விற்கும் சின்னம்மாள். கூட்டம் சிரித்தது.

"நார்வே," என்றான் மாயவன்.

ஒரு சோப்புக் கிடைத்தது. தேனீக்கு எத்தனை கண் என்றதற்கு ஐந்து என்றான்; சீப்பு. பல்லில்லாத கோழி தானியத்தை எப்படி அரைக்கிறது என்றதற்கு, இரைப்பையில் கிடக்கும் கல்லால் என்றான், கண்ணாடி. கேள்விக்காரர் குனிந்து கண்ணாடியைக் கொடுக்கும்போது வேட்டி விலகியது. கெண்டைக்காலில், நாளெல்லாம் பூட்ஸுக்கு மேல் துணிப்பட்டி சுற்றிக் கட்டுகிறவர்களுக்கு இருப்பதுபோல வெளுத்த வரிகள். அது என்ன என்று மாயவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கூட்டம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் செவ்வாய் கேள்விகள் ஊருக்கு அருகில் வந்தன. எந்த மரத்து விறகு புகையாமல் எரியும்? ராகி மாவு நனையாவிட்டால் எத்தனை நாள் தாங்கும்? மாயவன் எல்லாவற்றுக்கும் சொன்னான். "எங்கப்பா படிச்சீங்க இதெல்லாம்?" என்று கேள்விக்காரர் தோளைத் தட்டினார். அன்றிரவு மாயவனுக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

மூன்றாம் செவ்வாய் அவர் கூவிக் கூப்பிடவில்லை. மாயவன் வரும்வரை காத்திருந்தார். வந்ததும் தீப்பெட்டி ஒன்றைத் திறந்து, வெள்ளைக் கைக்குட்டையில் நாலு விதைகளைக் கொட்டினார். கறுப்பாக, நெல்லைவிடச் சிறிதாக, முனையில் இரண்டு கொக்கியோடு இருந்தன.

"ஒரே கேள்விதான். இது எங்க மொளைக்கும்? பரிசு இந்த டார்ச் லைட்."

"நாயுருவிங்க," என்றான் ஒருவன்.

"எருமை உண்ணியாட்டம் இருக்குது," என்றாள் சின்னம்மாள். "காதுல வெச்சுப் பாருங்க, கடிக்குதான்னு."

கூட்டத்தின் ஓரத்தில், தினை மூட்டையோடு மலையிலிருந்து இறங்கியிருந்த, குள்ளன் என்று பேர்கொண்ட மலைக்காரன் நின்றான். அவன் சிரிக்கவில்லை. "அது எங்க வேணா மொளைக்குமுங்க சாமி. பில்லு இருக்கற எடமெல்லாம் இருக்கும்," என்றான் அவசரமாக.

தவறான பதிலைத் திருத்தாமல் விடுவது மாயவனுக்கு எச்சிலை விழுங்காமல் இருப்பது போல.

"என்ன குள்ளா இப்படிச் சொல்ற? உன் கம்பளியில ஒட்டியிருந்தப்ப நீதானே சொன்ன? மலை பூரா தேடுனாலும் கெடைக்காது, வடக்கால கரடிப்பாறைக்குக் கீழ ஊத்து கசியற எடத்துல மட்டுந்தான்னு?"

குள்ளன் அவனையே பார்த்தான். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான்.

கேள்விக்காரர் விதைகளை ஒவ்வொன்றாகத் தீப்பெட்டியில் போட்டு மூடினார். டார்ச்சை மாயவன் கையில் வைத்தார். சந்தை பாதிகூடக் கலையாத உச்சிப்பொழுதில் பாயைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். மாயவன் திரும்பியபோது குள்ளனின் தினை மூட்டை மட்டும் கிடந்தது. ஆளைக் காணோம்.

கைதட்டலும் கேலியுமாக அவனை வீடு சேர விடாமல் இழுத்தார்கள். வெயில் சாய்ந்துதான் வந்தான். அன்று மலையிறங்கி வந்திருந்த ராஜாமணி வாசலில் உட்கார்ந்து சேலை ஓரத்தை மடியில் போட்டு எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில், கறுப்பாக, கொக்கியோடு, ஒரு பிடி விதை.

"சனியன் புடிச்சது, வுடவே மாட்டேங்குது," என்றாள். "போன செவ்வா நான் எறங்கி வரையில சந்தையில பாய் போட்டிருக்கறவரு, 'தாயே, முந்தானையில முள்ளு'ன்னு குனிஞ்சு எடுத்துவுட்டாரு. நல்ல மனுசன்."

மாயவன் டார்ச்சை நீட்டினான்.

அவள் டார்ச்சைப் பார்த்தாள். தரையில் கிடந்த விதைகளைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை.

"என்ன கேட்டான்?"

சொன்னான். கேள்வியைச் சொன்னான், பதிலையும் சொன்னான். அவள் திட்டுவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று நின்றான். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். பாறைக்குப் போய்ச் சேருமுன் இருட்டிவிடும். அவன் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கி அமுக்கினாள். எரியவில்லை. மூடியைத் திருகித் தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளே செல் இல்லை.

அதைப் போட்டுவிட்டு ஓடினாள். மாயவன் சைக்கிளை எடுத்து, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பாதை முடிந்து கல் தொடங்கும் இடம்வரை மிதித்தான். அங்கே மண்ணில் பூட்ஸ் தடங்கள் இருந்தன. எல்லாம் மேல்நோக்கியே போயிருந்தன.

மலை கறுத்துக்கொண்டு வந்தது. வடக்கே, கரடிப்பாறைப் பக்கம், உயரத்தில் ஒரு போலீஸ் விசில் சத்தம். ராஜாமணி நின்றுவிட்டாள். சற்று நேரத்தில், அதற்கும் மேலிருந்து, அதேபோல இன்னொரு விசில் பதில் சொன்னது.