என் பேருக்கு முன்னால் ஆம்பூர்

நாடகக்காரிக்குப் பேரில் பாதி ஊர். மதுரைக்காரி மதுரையைப் போட்டுக்கொள்வாள், தஞ்சாவூர்க்காரி தஞ்சாவூரை. நான் ஆம்பூர் பூவம்மாள். கம்பெனியோடு கப்பலேறிப் பினாங்குக்குப் போனவள், எங்கள் ஆர்மோனியக்காரரையே கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டேன். அந்த ஊரில் ராஜபார்ட் என்றால் நான்தான். மீசை ஒட்டிக்கொண்டு வாளை உருவினால் துறைமுகத்துக் கூலிகள் கொட்டகையை இரண்டாக்கிவிடுவார்கள். ஆம்பூர் கிழக்கா மேற்கா என்று தெரியாத சீனன்கூட அந்தப் பேரைச் சுத்தமாகச் சொல்வான்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் அங்கே கொட்டகைகள் காலியாயின. சரி, பிறந்த ஊரில் ஒரு ஆட்டம் போடலாம் என்று இருவரும் வந்து தம்பி வீட்டில் இறங்கினோம். நோட்டீஸ் வந்தது. 'பினாங்கு பூவம்மாள்' என்று போட்டிருந்தது. அச்சுக்காரன் தப்பு என்று நினைத்தேன். தப்பில்லை, என் தம்பி கோவிந்தசாமி அச்சாபீசுக்கே போய் ஆம்பூரை அடித்துவிட்டு வந்திருக்கிறான். தோல் பதனிடும் ஷாப்பில் அவன் மேஸ்திரி.

"இன்னாடா இது?"

"கோச்சிக்காதக்கா. எம்பொண்ணு செண்பகத்தைப் பாக்கத் திருப்பத்தூர்லேர்ந்து வர்றாங்க. கூத்தாடி வூட்டுப் பொண்ணுன்னா போய்டுவாங்க. எங்கக்கா பினாங்குல நர்ஸுன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரே ஆட்டம், பினாங்குக்காரியா இருந்துட்டுப் போயேன்."

எனக்கு உச்சி சுட்டது. எங்கள் அம்மா தோல் ஷாப்பில் பதனிட ஆவாரம்பட்டை இடித்து எங்களை வளர்த்தவள். தோல் நாற்றம் எங்கள் சோற்றில்கூட வரும். அதை எவனிடமும் மறைக்காதவனுக்கு என் பாட்டு மட்டும் நாறுகிறதாம்.

"பினாங்குல ஆம்பூர்னா நான்தான்டா. உன் தோல் ஷாப்பு இல்ல."

"அப்ப இந்த வாசப்படி மிதிக்காத."

மிதிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஆட வந்த நடிகர்கள் தங்கியிருந்த சத்திரத்துக்கு வந்துவிட்டோம். ஆனால் செண்பகம்? என் வீம்புக்கு அந்தப் பெண்ணின் கல்யாணம் பலியாவதா? மறுநாள் அவளே சத்திரத்துக்கு வந்து நின்றாள்.

"மறைச்சிக் கட்டிக்குடுத்தா பின்னாடி எப்படியும் தெரியும் அத்தை. அப்ப அடி வாங்கறது அப்பா இல்ல, நான். இப்பவே தெரியட்டும்."

அக்கா தம்பி எங்கள் இருவரிடமும் இல்லாத புத்தி ஒரு சின்னப் பெண்ணிடம் இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஆட்டத்தன்று திரை இடுக்கில் பார்த்தால், முதல் வரிசையில் சாட்சாத் திருப்பத்தூர்ச் சம்பந்தி சுப்பராயன். பினாங்கு நடிகை என்றதும் பெண்டாட்டியையும் இழுத்துக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டார். அவருக்குக் கூத்தாடிதான் ஆகாது, கூத்து ஆகும். பக்கத்தில் என் தம்பி, பேயறைந்தவன் மாதிரி.

ராஜா மேடைக்கு வந்ததும் பபூன் வழிமறித்து யார், எந்த தேசம் என்று கேட்பான். மகத தேசம் என்று நான் பாட்டெடுக்க வேண்டும். அன்றும் கேட்டான்.

"தேசம் ஆம்பூர். எங்கம்மா தோல் ஷாப்புல பட்டை இடிச்சவ. எந்தம்பி கோவிந்தசாமி மேஸ்திரி, தோ, முன்னாடி நாற்காலில ஒக்காந்துகினு இருக்கான். நான் நர்ஸு இல்ல. ஆம்பூர் பூவம்மா."

பபூன் கெட்டிக்காரன். "அப்ப மீசை, ராஜா?"

"மீசை வாடகை. பேரு சொந்தம்."

தோல் ஷாப்புப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரே கைத்தட்டல். சுப்பராயன் துண்டை உதறி எழுந்தார். பெண்கள் பக்கம் திரும்பி, கிளம்பு என்று மனைவிக்குக் கைகாட்டினார். அந்த அம்மாள் அசையவில்லை.

"டிக்கெட்டு ஆட்டம் முடியற வரைக்கும். நீங்க வேணா போங்க."

கொட்டகையே அவரைப் பார்த்தது. மனுஷன் சிறிது நேரம் நின்றார், பிறகு உட்கார்ந்தார். நான் சுதி கேட்டுப் பாட ஆரம்பித்தேன்.

ஆனியில் கல்யாணம். மாப்பிள்ளையின் தாயார்தான் இந்தப் பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாராம். எனக்கு அழைப்பில்லை. கப்பலைத் தள்ளிப்போட்டுவிட்டு, நலங்கன்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மஞ்சள் கிண்ணத்தோடு போனேன். தம்பி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"உன்னை யாரு கூப்ட்டா?"

"அத்தையை எவன்டா கூப்பிடணும்? நலங்கு வைக்கிறது என் மொறை. நகரு."

அவன் நகரவில்லை. நானும் நகரவில்லை. உள்ளே மேளம் நின்றுபோனது. மணையில் உட்கார்ந்திருந்த செண்பகம் மாலையோடு எழுந்து நேரே வாசலுக்கு வந்தாள். அப்பன் தோளுக்குப் பின்னாலிருந்து முகத்தை என் பக்கம் நீட்டினாள். அவன் தோளுக்கு மேலாகவே கையை நீட்டி, அவள் இரண்டு கன்னத்திலும் மஞ்சள் பூசினேன்.