அதிகாரியின் கார் பள்ளத்தில் விழுந்த காலை

நான் வேலை பார்த்தது உள்ளாட்சியின் அவசர அழைப்பு அறையில். எந்தக் கட்டடம், எந்த மாடி என்றெல்லாம் கேட்காதீர்கள். பென்ஷன் வாங்குகிற ஆள் நான். திருவள்ளூர் மாவட்டத்துக்குள்தான், அதுவரை சொல்லலாம். அறையில் ஒரு மின்விசிறி இருந்தது. அது சுற்றுகிற சத்தத்தில் ஹெலிகாப்டர் இறங்குகிறதென்று தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அதையும் மீறிப் போன் அலறும். வேப்பம்பட்டில் வீட்டுக்குள் மழைத்தண்ணீர், சோழவரத்தில் கிணற்றுக்குள் கன்றுக்குட்டி, எங்கோ ஒரு மாமியார் மருமகளை முறைத்துவிட்டாள் என்றுகூட அவசர அழைப்பு வரும். யார், எங்கே, என்ன என்று கேட்டு, அந்தப் பக்கத்து நிலையத்திலிருந்து வண்டியைக் கிளப்பி, வண்டி போய்ச் சேரும்வரை கூப்பிட்டவரை லைனிலேயே வைத்திருக்க வேண்டும். அதுதான் என் உத்தியோகம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருவதாகச் செய்தி வந்தது. அவ்வளவுதான், எங்கள் சூப்பரின்டெண்ட் பரசுராமனுக்குத் தூக்கம் போயிற்று. சுவருக்குச் சுண்ணாம்பு, போனுக்குப் பூப்போட்ட துணி, எனக்குப் புதுச்சட்டை. ஆம்புலன்ஸைக் கழுவி, அதிகாரி கண்ணில் படும்படி எங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அது மினுங்கிய மினுக்கில் காக்கைகள் கண் கூசித் திரும்பிப் போயின.

ஆய்வு என்றால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு 'மாதிரி அழைப்பு' என்று பெயர். பக்கத்து அறையிலிருந்து டைப்பிஸ்ட் தமிழ்செல்வி எனக்குப் போன் செய்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் விபத்து என்று அழ வேண்டும். நான் அதிகாரி முன்னால் விவரம் கேட்டு, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் "கிளம்பிட்டோம் சார்" என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து "வந்து சேந்துட்டோம் சார்" என்பார்கள். வண்டி மட்டும் கொட்டகையை விட்டு ஓர் அங்குலம் நகராது. ஏன் நகர வேண்டும்? எங்களை முடித்துக்கொண்டு அதிகாரி அடுத்து அங்கேதான் போகிறார். வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் தெளித்து, டயருக்குக் கறுப்பு மை பூசி வைத்திருக்கிறார்கள். அதன்மேல் சேறு படலாமா? கலியாணப் பெண்ணை நாற்று நட அனுப்புவார்களா?

அதிகாரி வந்தார். கூடவே பத்துப் பேர், அந்தப் பத்துப் பேருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். அறையில் காற்றுக்கு இடமில்லை. அவர் கேசரியை ஒரு வாய் வைத்தபோது போன் அடித்தது. பரசுராமன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு எடுத்தேன்.

"சார்... சார்... எங்க ஊட்டுக்காரரு கழிவுத் தொட்டிக்குள்ள வுழுந்துட்டாரு சார். கும்மிடிப்பூண்டி... சாயக் கம்பெனி... சீக்கிரம் வாங்க சார்."

அது தமிழ்செல்வியின் குரல் இல்லை. தமிழ்செல்வி பேசினால் வானொலியில் நேரம் சொல்வது போல இருக்கும். இவளுக்கு மூச்சு இரைத்தது. பின்னால் இயந்திரங்கள் ஓடின, யாரோ இருமினார்கள். கதவைப் பார்த்தேன். தமிழ்செல்வி அங்கேதான் நின்றாள், கையில் காபித் தட்டோடு.

"உன் பேர் இன்னாம்மா?"

"மெர்சி சார். நானும் இங்கதான் பேக்கிங்ல கீறேன். அவுரு பேரு அன்பு. தொட்டி அலசணும்னு சூப்பர்வைசரு எறக்கி வுட்டாரு. முனகினு கீறாரு சார், கேக்குது."

அதிகாரி கரண்டியை வைத்துவிட்டுக் கைதட்டினார். "வெரி நேச்சுரல்! யாரிந்தப் பொண்ணு? நல்லா டிரெயினிங் குடுத்திருக்கீங்க பரசுராமன்." பின்னாலிருந்த இருபது பேரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் போன் வழியாக மெர்சிக்குக் கேட்டிருக்கும். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

"சார், இது நெசம்" என்றேன்.

"யோவ் சின்னதுரை, இதெல்லாம் நம்ம ஸ்கிரிப்ட்ல இல்லயே" என்று பரசுராமன் பல்லைக் கடித்தார். "சொன்னத மட்டும் செய்யிய்யா."

ஒலிபெருக்கியை அணைத்தேன். மெர்சியின் போன் இடது காதில். "யம்மா, இன்னொருத்தர் அவர இட்டுக்கினு வரேன்னு எறங்கப் போறாங்க. வுடாத. எறங்குனா அவுங்களும் போயிடுவாங்க. மூடியெல்லாம் தெறக்கச் சொல்லு."

"சூப்பர்வைசரு கன்னியம்மா அக்கா புள்ளய எறக்கப் பாக்குறாரு சார்!"

"அந்தப் புள்ள சட்டையப் புடிச்சி இழு. நான் சொன்னேன்னு சொல்லு."

வலது காதில் தீயணைப்பு நிலையம். எடுத்தது குணா. தங்கமான ஆள், எங்களோடு தீபாவளிச் சீட்டுப் போடுகிறவன்.

"குணா, தொட்டியில ஆள் மாட்டிக்கினாரு. விஷவாயு. வண்டிய எடு."

"கிளம்பிட்டோம் சார்!" என்றான் கம்பீரமாக.

"டேய், நெசமாவே கிளம்புடா."

குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, பக்கத்துல அதிகாரி நிக்கிறாரா? இன்னா ஆக்டிங்குண்ணே! எனக்கே அழுக வருது. கவலப்படாத, கொஞ்சம் பொறுத்து 'வந்து சேந்துட்டோம்' அடிக்கிறேன்."

"எங்க அம்மா மேல சத்தியமாடா!"

"இது இன்னும் சூப்பருண்ணே" என்று வைத்துவிட்டான்.

பாருங்கள் அநியாயத்தை! முப்பது வருஷமாக ஆய்வுக்கு ஆய்வு நாங்கள் பொய்யாகவே அழுது அழுது, நிஜமாக அழுதவளுக்கு ஒரு சக்கரம் உருளவில்லை. வாசலில் ஆம்புலன்ஸ் மினுங்குகிறது. அங்கே வண்டி மாலையோடு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. நடுவில் ஒரு மனிதன் தொட்டிக்குள் முனகுகிறான்.

"சார், முனகல் கொறையுது சார்" என்றாள் மெர்சி.

அப்போதுதான் எனக்குள் சாத்தானோ சாமியோ, ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. தொழிலாளி விழுந்தால்தானே மாதிரி? யார் விழுந்தால் மாதிரியாக இருக்காது? மறுபடி குணாவுக்கு அடித்தேன்.

"குணா! மாதிரியெல்லாம் கேன்சல்! அதிகாரி எங்ககிட்ட வராம நேரா உங்கள பாக்க வந்தாரு. சாயக் கம்பெனி கேட்டுக்கு எதுர்ல காரு பள்ளத்துல கவுந்துடுச்சிடா! அதிகாரிக்குப் பேச்சு மூச்சு இல்ல!"

அவன் போனை வைக்கவில்லை, போட்டுவிட்டான். சைரன் கேட்டது. கொட்டகைக் கதவைத் திறக்கக்கூட நேரமில்லாமல் அதை இடித்துக்கொண்டே போயிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அதிகாரியின் வாயில் பாதி கேசரி.

"யாரு விழுந்தா?" என்றார்.

"நீங்க சார்" என்றேன்.

பரசுராமன் போனைப் பிடுங்க வந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் போனேன். நீளமான வயர், அந்தக் காலத்துத் தரம். அதற்குள் செய்தி பரவிவிட்டது. ஆம்புலன்ஸ் டிரைவர் தாவீது, அதிகாரி விழுந்துவிட்டார் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதே அதிகாரி ஜன்னலில் நின்று பார்க்கப் பார்க்க, அவரைக் காப்பாற்றப் பறந்தான். போலீஸ் ரோந்து வண்டி, இரண்டு ஜேசிபி, ஒரு கிரேன், ஊராட்சித் தலைவரின் கார், எல்லாம் நெடுஞ்சாலையில் ஓடின. அந்தச் சைரன் சத்தத்தில் திருப்பாச்சூர் கோயில் மணி தானாக ஆடியது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்ப வேண்டாம்.

அதிகாரியின் கைபேசி அடித்தது. மனைவி. "நான் உயிரோடதான் இருக்கேன் சந்திரகலா... இல்ல, பள்ளத்துல இல்ல... கேசரி சாப்ட்டுட்டிருக்கேன்... அழாத!" வைப்பதற்குள் மைத்துனன். அவனை வைப்பதற்குள் மேலதிகாரி. தான் சாகவில்லை என்று அன்றைக்கு அவர் சொன்னதுபோல யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் இடது காதில் மெர்சி அழுதாள். "முனகல் நின்னுடுச்சி சார்."

"லைன்லயே இரும்மா" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அவளுடைய போனிலேயே சைரன் கேட்டது. குணாவின் குரல். "காரு எங்கம்மா? அதிகாரி எங்க?"

"காரு இல்ல நைனா. இதோ, இந்தத் தொட்டி. எங்க ஊட்டுக்காரரு."

"நெசமாவா?" என்றான் குணா. சிலிண்டரை முதுகில் மாட்டு, கயிற்றைக் கொடு என்று மற்றவர்கள் கத்தினார்கள். குணாதான் இறங்கினான். போனில் கயிறு இழுக்கிற மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அறையில் யாரும் என்னிடமிருந்து போனைப் பிடுங்கவில்லை. ஏனென்று தெரியவில்லை, என் முகம் அப்படி இருந்திருக்கலாம்.

"தூக்கிட்டாங்க சார்... மாஸ்க் போடுறாங்க... மூச்சு வருது சார், மூச்சு வருது!"

நாற்காலியில் உட்கார்ந்தேன். தமிழ்செல்வி எனக்கு அதிகாரியின் காபியைக் கொடுத்தாள்.

சாயங்காலம் பரசுராமன் இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்று மெமோ: நலமாக உள்ள உயர் அதிகாரி விபத்தில் சிக்கியதாகப் பொய்த் தகவல் பரப்பியது ஏன்? வண்டி ஏன் முதலில் கிளம்பவில்லை என்று யாருக்கும் மெமோ இல்லை, கவனியுங்கள். இன்னொன்று, நான் கையெழுத்துப் போட வேண்டிய அறிக்கை: நடந்தது எல்லாமே மாதிரி அழைப்பு, மிகச் சிறப்பாக நடந்தது.

"இதுல போடுய்யா. மெமோவக் கிழிச்சிடுறேன். அதிகாரிக்கும் கௌரவம், உனக்கு பாராட்டுப் பத்திரம் வேற."

"அப்ப அன்பு?"

"அன்புதான் பொழச்சிகினானே. இன்னும் இன்னாய்யா பேஜாரு பண்ற?"

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மெர்சி. "கண்ணு முழிச்சிட்டாரு சார். பேசுறாரு. ஆனா கம்பெனியிலேர்ந்து ஆளு வந்து கீறாங்க. தொட்டியில யாரையும் எறக்கல, அது சும்மா பயிற்சின்னு கவர்மென்ட்டே சொல்லுதாமே? பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தாருன்னு சொல்லச் சொல்றாங்க."

நான் பரசுராமனைப் பார்த்தேன். அவர் சுவரின் புதுச் சுண்ணாம்பைப் பார்த்தார்.

"அப்பறம் சார்," என்றாள் மெர்சி, "அவுரு முழிச்சதும் மொதல்ல கேட்டது, அந்த அதிகாரி பொழச்சிகினாரான்னு. ஆம்புலன்ஸ்ல எல்லாரும் அவரப் பத்தியேதான் பேசினாங்களாம்."

"நல்லா கீறாருன்னு சொல்லும்மா. நீ யார்கிட்டயும் பாத்ரூம்னு சொல்லாத."

பாராட்டு அறிக்கையைப் பரசுராமன் பக்கம் தள்ளிவிட்டு, மெமோவை எடுத்து அதன் கீழேயே பதில் எழுதினேன். 'அதிகாரியின் கார் பள்ளத்தில் விழவில்லை. சாயக் கம்பெனியின் கழிவுத் தொட்டியில் அன்பு என்கிற தொழிலாளி விழுந்தார். இரண்டாவதைச் சொன்னேன், வண்டி வரவில்லை. முதலாவதைச் சொன்னேன், வந்தது. பொய் சொன்னது உண்மை.'

அந்த வருஷ இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். நிறுத்தட்டும்.