இரண்டு ஐம்பத்தெட்டு

"ஜெர்ரி, யாரு அந்தக் குருடன்?" என்று நெட்டி கத்தினாள். கையில் கோழி இறக்கை வறுவல் தட்டு. எந்த மேசைக்கு அதைக் கொண்டுபோனாள் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

நெட்டியின் பாரில் அந்த ஞாயிறு மதியம் எண்பது பேராவது இருந்திருப்போம். டிவியில் அமெரிக்கக் கால்பந்து, ஆட்டம் முடிய நாற்பது விநாடி. எங்கள் ஆள் எல்லைக்கோட்டுக்குள் தாவிப் பந்தைப் பிடித்துவிட்டான். பாதிப் பேர் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். அப்புறம்தான், தப்பாட்டம் என்று நடுவர் வீசிய மஞ்சள் துணி புல்லில் கிடப்பதைக் காட்டினார்கள். பந்து வந்து சேருமுன் எங்கள் ஆள் எதிராளியைத் தள்ளிவிட்டானாம். பிடித்தது செல்லாது. ஆட்டமும் போச்சு, அந்த வருஷமும் போச்சு.

"எங்க தள்ளினான்? தோள்ல கை பட்டுச்சு, அவ்வளவுதான்!"

"அதுக்குப் பேரு தள்ளுறதா? என் மாமியார் என்னைக் கட்டிப்பிடிக்கிறதே அதைவிட முரட்டுத்தனமா இருக்கும்."

"வரிக்குதிரைப் பசங்க! வாரம் பூரா வேற பொழப்பு. ஞாயித்துக்கிழமை ஆனா கோடு போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு நம்ம வயித்துல அடிக்க வந்துடறானுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காரணம் என் நோட்டு. முப்பத்தொரு வருஷமாக நடுவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறேன். எண், பெயர், ஊர், வாரநாளில் பார்க்கும் வேலை, எங்களுக்கு எதிராக எந்தத் தேதியில் என்ன பாவம் செய்தான் என்பது வரை. எங்கள் ஊரில் ஆட்டக்காரர்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசுவார்கள். நடுவர்களைப் பற்றி என்றால் ஜெர்ரியைத்தான் கேட்பார்கள்.

டிவியில் துணி போட்ட நடுவரின் முதுகைக் காட்டினார்கள். ஐம்பத்தெட்டு.

"வெண்டல் ஆஸ்ட்ராண்டர்," என்றேன். நோட்டைத் திறக்கக்கூட இல்லை. "தெற்கே மலைப்பக்கம் தரைவிரிப்புக் கடை வச்சிருக்கான்."

என் வார்த்தைக்காக எண்பது பேர் வாயை மூடினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கு இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் பிடித்திருந்தது.

"கிடைச்சிடுச்சு சோச்சா!" என்று ரஸ்டி போனைத் தூக்கிக் காட்டினான். ரஸ்டி என் தம்பி மகன். நாற்பத்தாறு வயது, பஸ் டிப்போவில் மெக்கானிக். அத்தையைச் சோச்சா என்று கூப்பிடுவது எங்கள் போலிஷ் வீட்டு வழக்கம். "கடை போன் நம்பரே இருக்கு. படிக்கிறேன், எல்லாரும் எழுதிக்குங்க!"

எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை, செய்தி பதிகிற மிஷின்தான் பேசியது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "மிஸ்டர் ஆஸ்ட்ராண்டர், நான் வயசானவ. கெட்ட வார்த்தை பேசிப் பழக்கம் இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். உங்க அம்மா உயிரோட இருந்தாங்கன்னா, உங்களைப் பெத்ததுக்கு இன்னிக்கு வெட்கப்படுவாங்க."

போனை வைத்துவிட்டுக் காபி போட்டேன். மற்றவர்களைப் போல அசிங்கமாகப் பேசாமல் நறுக்கென்று சொல்லிவிட்டோம் என்று ஒரு திருப்தி வேறு.

புதன்கிழமை நோட்டில் பதிவு எழுத உட்கார்ந்தேன். ஆட்டத்தை டிவியில் பதிந்து வைத்திருந்தேன். துணி விழும் இடத்தில் நிறுத்தி, எந்த நிமிஷம், எந்த இடம் என்று குறித்தேன். துணி போட்டவன் மைதானத்தின் கோடியில், இரண்டு ஓரத்துக்கும் நட்டநடுவில் நின்றான்.

வெண்டல் ஆஸ்ட்ராண்டர் நடுவில் நிற்கிறவன் இல்லை. அவன் ஓரக்கோட்டுக்காரன். பதினாறு வருஷமாக ஓரக்கோட்டில்தான் நிற்கிறான்.

நடுவர்களில் இரண்டு பேர் ஒரே எண்ணைப் போட்டுக்கொள்ளலாம், நிற்கும் இடம் வேறாக இருந்தால் போதும். இது எனக்குத் தெரியாதா? நெட்டி பாருக்குப் புதிதாக வருகிறவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், "எண்ணை மட்டும் பார்க்காதீங்க, எங்க நிக்கிறான்னு பாருங்க" என்று. நோட்டைப் புரட்டினேன். இரண்டு ஐம்பத்தெட்டு, இரண்டு பக்கத்தில், என் கையெழுத்தில். ஆஸ்ட்ராண்டர் அந்த ஞாயிறு எங்கள் ஆட்டத்திலேயே இல்லை.

பதிவை இன்னொரு தடவை ஓட்டினேன். பின்பக்கக் காமிராவில் எங்கள் ஆளின் இடது கை தெரிந்தது. முழங்கை மடங்கி, அப்புறம் நீண்டது. தள்ளித்தான் விட்டிருந்தான்.

ரஸ்டியைக் கூப்பிட்டேன்.

"சோச்சா! பார்த்தியா? அவன் கடையைப் பத்தி ஆன்லைன்ல நூத்தி நாப்பது பேரு மோசமா எழுதியிருக்காங்க. 'என் வீட்டுத் தரையைப் பாழாக்கிட்டான்'னு நானே மூணு பேருல போட்டேன். நம்ம வீட்டுல எங்க தரைவிரிப்பு இருக்கு? இருக்கிறது வெறும் சிமெண்ட்டு!"

"ரஸ்டி, நிறுத்து. அவன் இல்ல."

"எவன் இல்ல?"

"துணி போட்டவன் ஆஸ்ட்ராண்டர் இல்ல. அதே நம்பர்ல இன்னொருத்தன். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

போனில் அவனுக்குப் பின்னால் ஏதோ பஸ் உறுமியது.

"நீயா? தப்பா?" என்று சிரித்தான். "சரி விடு. அப்ப அந்த இன்னொருத்தன் யாரு? பேரைச் சொல்லு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? போன் பண்ணத்தான்."

"இவருக்குப் பண்றதை நிறுத்துன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"இவனும் வரிக்குதிரைதானே சோச்சா? அன்னிக்கு இல்லைன்னா வேற என்னிக்காவது நம்மள ஏமாத்தியிருப்பான். உன் நோட்டைப் பாரு, இருக்கும்."

இருந்தது. இரண்டு பதிவு. நான் போனை வைத்துவிட்டேன்.

நெட்டியிடம் சொல்லப் போனேன். "என்ன ஜெர்ரி, முகம் வெளுத்திருக்கு?" என்றாள். "ஒண்ணுமில்ல, குளிரு," என்று சொல்லிவிட்டு ஒரு சூப் குடித்துத் திரும்பினேன். முப்பத்தொரு வருஷத்தில் ஜெர்ரி தவறினாள் என்று யாரும் சொன்னதில்லை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கே கடைக்காரன் அடி வாங்குகிறான், இங்கே நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு சூப் குடிக்கிறேன்.

கடைக்குப் போன் செய்தால் மிஷின் நிறைந்துவிட்டது என்றே வந்தது. வெள்ளிக்கிழமை பனி கொஞ்சம் விட்டதும் காரை எடுத்தேன். ஒன்றேகால் மணி நேரம்.

சின்னக் கடை. வாசலில் நின்ற வேனில் கடைப் பெயரின் மேல் பழுப்புக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே கல்லாவில் என்னைவிடப் பத்து வயது மூத்த அம்மாள் ஒருத்தி, பச்சை ஸ்வெட்டர், மூக்கு நுனியில் கண்ணாடி.

"என்ன பார்க்கறீங்க?" என்றாள்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம் இருந்தது. வாயைத் திறந்தால் வேறு வந்தது. "சமையலறைத் தரைக்கு... லினோலியம்."

"எத்தனை அடி?"

"பத்துக்குப் பத்து."

அவள் மாதிரிப் புத்தகத்தை எடுத்து வைத்தாள். மெதுவாக ஒவ்வொன்றாகத் திருப்பினாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். நீலம், சாம்பல், கட்டம் போட்டது.

"ஓனர் இல்லையா?" என்று கேட்டேன்.

"என் பையன்தான் ஓனர். உள்ள தூங்கறான். ராத்திரி பூரா முழிச்சிருக்கான் இல்ல, பகல்ல கொஞ்சம் கண்ணை மூடுறான்."

"ஏன், ராத்திரி வேலையா?"

அவள் புத்தகத்தை மூடினாள். கல்லாவுக்கடியிலிருந்து பழைய டேப் மிஷின் ஒன்றைத் தூக்கி மேலே வைத்தாள். "நீங்க எந்த ஊரு?"

சொன்னேன்.

"அப்படித்தான் நினைச்சேன். அப்ப இதைக் கொஞ்சம் கேளுங்க," என்று பொத்தானை அழுத்தினாள்.

நெட்டி பார் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லாம் தெரிந்த குரல். கைக்குக் கை பீர் கொடுத்தவர்கள், என் புருஷன் செத்தபோது வீட்டில் சமைத்துக்கொண்டு வந்தவர்கள். ஒருத்தன் குரைத்தான். ஒருத்தி, நெட்டியேதான், வெண்டலின் பிறப்பைப் பற்றிச் சொன்னாள். பின்னால் தட்டுக் கழுவும் சத்தம் கூடக் கேட்டது. அப்புறம் ஒரு செருமல்.

"மிஸ்டர் ஆஸ்ட்ராண்டர், நான் வயசானவ..."

முழுவதும் ஓடியது. என் குரல் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அந்த அம்மாள் மிஷினை நிறுத்தினாள். "இது நான் திங்கக்கிழமை நேரா கேட்டேன். இங்கதான் உட்கார்ந்திருந்தேன், பக்கத்துலயே. அதுக்கு முன்னாடி வந்த வசவையெல்லாம் கேட்டுட்டு, போனை எடுக்கிறதில்லைன்னு வச்சிருந்தேன். இதைக் கேட்டுட்டு என் பையனைக் கூப்பிட்டு, 'வெண்டல், என்னடா செஞ்சே, உண்மையைச் சொல்லு'ன்னு கேட்டேன். அறுபது வயசுப் பையனை. அவன் சத்தியம் பண்ணினான், 'அம்மா, நான் அன்னிக்கு வீட்டுலதான் இருந்தேன், நீதானே எனக்கு ரொட்டி சுட்டுக் குடுத்தே'ன்னு. அதுக்கப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. குரல் அவ்வளவு மரியாதையா இருந்துச்சு பாருங்க, நம்பிட்டேன்."

"அது நான்தான்," என்றேன்.

"தெரியும். லினோலியம்னு சொன்னப்பவே தெரியும்."

"பேரைச் சொன்னதும் நான்தான். எல்லாருக்கும். ரெண்டு பேருக்கு ஒரே எண் இருக்கு, நான் ஆளை மாத்திட்டேன். மன்னிப்புக் கேக்கத்தான்..."

"மன்னிப்பை அப்புறம் கேளுங்க. எனக்கு இப்ப வேற ஒண்ணு வேணும்." டேப்பை முன்னால் ஓட்டினாள். "போலீஸ்காரன் வந்து கேட்டுட்டுப் போனான். நம்பர் தெரியலையாம். வாய்ச்சவடாலா, நிஜமாவே செய்யறவனான்னு ஆளைத் தெரியாம எப்படிச் சொல்றதுங்கறான். இந்தக் குரல் யாருன்னு சொல்லுங்க."

"செவ்வாய்க்கிழமை" என்றது மிஷின். அப்புறம் ஒரு ஆண் குரல், குடித்த குரல்: "உன் கடை எங்க இருக்குன்னு தெரியும்டா. ராத்திரி வரேன். தரைவிரிப்பு நல்லா எரியும்னு சொல்றாங்க, பார்த்துடலாம்."

பின்னால் பஸ் ஒன்று உறுமியது. அது இல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். அவன் பேசப் பழகின நாளிலிருந்து கேட்கிற குரல்.

"தெரியுதா?" என்றாள்.

"அவன் செய்ய மாட்டான். குடிச்சா அப்படித்தான் உளறுவான். நான் போய்ப் பேசிக்கிறேன், நான் சொன்னா கேப்பான்."

"கேப்பானா?"

புதன்கிழமை நான் சொன்னதை அவன் கேட்டானா?

"மூணு ராத்திரியா வெண்டல் அந்தப் பின்னறையில கம்பள உருட்டு மேல தீயணைப்பானைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்," என்றாள். குரல் உயரவே இல்லை. "நீங்க அவன் பேரை எண்பது பேருக்குச் சொன்னீங்க. விசாரிச்சா சொன்னீங்க? யோசிச்சா சொன்னீங்க?"

"இல்ல."

"இப்ப யோசிச்சுக்குங்க. நான் அவசரப்படுத்தல."

யோசித்தேன். டிப்போவில் தெரிந்தால் ரஸ்டிக்கு வேலை போகும். தம்பி என்னோடு பேச மாட்டான். நெட்டி பாரில் என் நாற்காலி காலியாகும். போலீஸ் கேட்டால் எப்படித் தெரியும் என்பார்கள், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும், என் நோட்டையும் சேர்த்து. பின்னறையிலிருந்து யாரோ தூக்கத்தில் இருமும் சத்தம் வந்தது.

"என் தம்பி மகன்," என்றேன்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. போனை என் பக்கம் தள்ளி, ஸ்வெட்டர் பையிலிருந்து போலீஸ்காரர் கொடுத்த அட்டையை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தானே எண்களை அழுத்தினாள். ரிசீவரை நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அது இன்னொருத்தர் சொன்னதா ஆயிடும்."

அந்தப் பக்கம் ஒரு பெண் எடுத்தாள். "சொல்லுங்க மேடம்," என்றாள். அப்புறம், "மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றேன். "ரஸ்ஸல் வொய்தோவிச், ரஸ்டின்னு கூப்பிடுவோம். எழுதிக்குங்க. நான் நல்லாப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."